முதல் எபிசோடை வைத்துத் தீர்ப்பு எழுதலாமா?

2025 ஆகஸ்டில் 'ஏலியன்: எர்த்' தொடரின் முதல் இரண்டு எபிசோடுகள் ஒன்றாக வெளிவந்தன. நம் நாட்டில் ஜியோஹாட்ஸ்டாரில் பார்க்கக் கிடைத்தது. 1979இல் ரிட்லி ஸ்காட் எடுத்த 'ஏலியன்' படத்தில் பிறந்த வரிசை இது. நாற்பத்தாறு ஆண்டுகளாகத் திரையரங்கில் வாழ்ந்த கதை முதன்முறையாகத் தொலைக்காட்சித் தொடராக மாறியது. மொத்தம் எட்டு எபிசோடு. ஆறு பாக்கி இருக்கும்போதே தீர்ப்புகள் வந்து குவிந்தன. பழைய பயம் இல்லை என்றார்கள் சிலர். குழந்தைக் கதையாக்கிக் கெடுத்துவிட்டார்கள் என்றார்கள் சிலர். இதுவரை வந்ததிலேயே இதுதான் உச்சம் என்றவர்களும் உண்டு.

இந்த அவசரம் பெருநகர ரசிகர்களின் சொத்து என்று நினைக்க வேண்டாம். தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டிலிருந்து ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போகிறவர்கள் கையிலும் அதே போன், அதே செயலி. ரயில் ராயக்கோட்டையைத் தாண்டுவதற்குள் ஒரு எபிசோடில் பாதி ஓடிவிடும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்குகிற ஊர் என்பதால், ஒரே தொடரை ஒரே வீட்டில் ஆளுக்கொரு மொழியில் பார்ப்பதும் நடக்கிறது. "பழசு மாதிரி இல்லைங்க" என்ற வாசகம் மட்டும் எல்லா மொழியிலும் ஒரே தொனியில் வருகிறது.

அந்த வாசகத்துக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. ஒரு நீண்ட அறிவியல் புனைகதை வரிசையில் புதுத் தொடர் வரும்போது முதல் எபிசோடு எதைச் சரியாகக் காட்டும், எதில் நம்மை ஏமாற்றும்? அறுபது ஆண்டு வரலாறு கையில் இருக்கிறது. அதில் நம் ஊர்க் கணக்கும் சேர்ந்தே இருக்கிறது.

பொய்த்த தீர்ப்புகள்

பிரிட்டனில் 'டாக்டர் ஹூ' முதல் எபிசோடு ஒளிபரப்பானது 1963 நவம்பர் 23 அன்று. முந்தைய நாள்தான் அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். உலகமே அந்தச் செய்தியில் மூழ்கியிருக்க, புதுத் தொடரை உட்கார்ந்து பார்க்கும் மனநிலையில் யார் இருந்திருப்பார்கள்? அடுத்த வாரம் இரண்டாம் எபிசோடுக்கு முன்னால் முதல் எபிசோடை மறுபடியும் போட்டார்கள். இதை இயக்கியவர் வாரிஸ் ஹுசைன், லக்னோவில் பிறந்தவர். தயாரித்தவர் வெரிட்டி லாம்பர்ட் என்ற இளம்பெண்.

தொடரை உருவாக்கியவர்களுள் முக்கியமானவரான சிட்னி நியூமன், பூச்சிக்கண் அரக்கர்கள் கூடவே கூடாது என்று கறாராகச் சொல்லியிருந்தார். ஆனால் அந்த டிசம்பரில் 'டாலெக்' என்ற இயந்திர ஓட்டுக்குள் வாழும் உயிரிகள் வந்த பிறகுதான் தொடர் வீடுவீடாகப் பேசப்பட்டது. உருவாக்கியவருக்கே தன் தொடரின் பலம் எது என்று முதல் வாரத்தில் தெரிந்திருக்கவில்லை. 1966இல் டாக்டர் என்ற நாயகனாக நடித்த வில்லியம் ஹார்ட்னெலின் உடல்நலம் குன்றியபோது, டாக்டருக்கு உடலே மாறும் என்று கதையில் ஒரு வழி செய்து வேறு நடிகரைக் கொண்டுவந்தார்கள். நெருக்கடிக்காகச் செய்த அந்த ஏற்பாடுதான் இன்றுவரை தொடரைக் காப்பாற்றுகிறது. ஒவ்வொரு புது டாக்டர் வரும்போதும் 'இவர் சரிப்பட்டு வரமாட்டார்' என்பார்கள். பெரும்பாலும் அந்த சீசன் முடிவதற்குள் ஏற்றுக்கொள்வார்கள்.

'ஸ்டார் டிரெக்' கதை இன்னும் தெளிவானது. முதலில் எடுத்த மாதிரி எபிசோடு மூளைக்கு அதிக வேலை கொடுக்கிறது என்று என்.பி.சி. தொலைக்காட்சி நிலையம் தள்ளிவிட்டது. இரண்டாவது மாதிரியில் கேப்டன் உட்பட ஏறக்குறைய எல்லாரும் மாறினார்கள். காது கூரான ஸ்போக் மட்டும் தப்பினான். 1966 செப்டம்பர் 8 அன்று முதலில் ஒளிபரப்ப நிலையம் தேர்ந்தெடுத்தது, உடலிலிருந்து உப்பை உறிஞ்சும் ஒரு அரக்கியின் கதையை. அரக்கி இருந்தால் பார்ப்பார்கள் என்ற கணக்கு. தொடரின் உண்மையான குணத்துக்கு அது சரியான முகவுரையே இல்லை. 79 எபிசோடுகளோடு 1969இல் நிறுத்தினார்கள். மறுஒளிபரப்பில்தான் அது புகழடைந்தது.

1987இல் அதே வரிசையில் 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' வந்தது. வழுக்கைத் தலை, பிரெஞ்சுப் பெயர், இங்கிலாந்து உச்சரிப்பு என்று ஒரு கேப்டன். பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். நடித்த பாட்ரிக் ஸ்டூவர்ட்டே, இது நிலைக்காது, சீக்கிரம் ஊர் திரும்ப வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பல வாரங்கள் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்ததாகப் பிறகு சொன்னார். முதல் சீசன் உண்மையிலேயே தடுமாறியது. மூன்றாம் சீசனில் எழுத்தறை மைக்கேல் பில்லரின் கைக்கு வந்தது. 1990 ஜூனில் அந்த சீசனின் கடைசி எபிசோடில் கேப்டனையே எதிரிகளின் இயந்திரக் கூட்டம் விழுங்கிக்கொண்டபோது, பார்வையாளர்கள் வாயடைத்துப் போனார்கள். ஏழு சீசன், 178 எபிசோடு ஓடியது. முதல் எபிசோடை வைத்து எழுதிய தீர்ப்பு மூன்று ஆண்டுகளில் தலைகீழானது.

மறுபக்கமும் உண்டு. 2001 செப்டம்பரில் அதே வரிசையில் வந்த 'எண்டர்பிரைஸ்' தொடரின் முதல் எபிசோடை அமெரிக்காவில் சுமார் 1.25 கோடிப் பேர் பார்த்தார்கள். தொடக்கப் பாடல் பிடிக்கவில்லை என்ற புகார் இருந்தாலும் கதை நன்றாகவே இருக்கிறது என்றார்கள். ஆனால் பார்ப்பவர் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு இறங்கியது. நாலாவது சீசனில் கதை தேறிவந்த நேரத்தில், 2005இல் நிறுத்திவிட்டார்கள். நல்ல தொடக்கம் கிடைத்த தொடர் நீடிக்கவில்லை; கேலிக்கு ஆளான தொடர் நிலைத்தது.

இந்த வழக்குகளை அடுக்கிப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. முதல் எபிசோடில் தவறாகக் கணிக்கப்பட்டவை பெரும்பாலும் ஆட்கள் சம்பந்தப்பட்டவை: யார் கேப்டன், யார் டாக்டர், எப்படிப் பேசுகிறார், எப்படி நடக்கிறார். ஆளோடு பழக நேரம் வேண்டும். வீட்டுக்கு வந்த புது மருமகளைப் பற்றி முதல் வாரத்தில் தெருவே சொல்லும் கருத்துக்கு என்ன மதிப்போ, அதுதான் இதற்கும்.

நம் ஊர்க் கணக்கு

தமிழில் இப்படி ஒரு நீண்ட வரிசை இருக்கிறதா? தொடக்கம் பழையது. பாலக்கோடு இன்னும் சேலம் மாவட்டத்தில் இருந்த காலம் அது; தர்மபுரி தனி மாவட்டமானது 1965இல்தான். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து 1952இல் எடுத்த 'காடு' படத்தில், அழிந்துபோன கம்பளி யானைகள் காட்டுக்குள் திரிந்தன. 1963இல் 'கலை அரசி' வந்தது. வேற்றுக்கிரகத்தார் இங்கே வந்து கலை தெரிந்த பெண்ணைத் தூக்கிச் செல்ல, எம்.ஜி.ஆர். அவளை மீட்கப் போகிறார். லண்டனில் 'டாக்டர் ஹூ' தொடங்கிய அதே ஆண்டு. அங்கே அது அறுபது ஆண்டுகளைத் தாண்டி நீண்டது. இங்கே ஒரே படத்தோடு முடிந்தது.

காரணம் பணமும் தொழில்நுட்பமும் மட்டும்தான் என்று எனக்குத் தோன்றவில்லை. நம்மிடம் நீடிக்கும் வரிசை நட்சத்திரம்தான். கதை முடியும், உலகம் முடியும், பெயர் மாறும். நடிகர் மட்டும் அடுத்த படத்துக்குத் தொடர்வார். முதல் நாள் முதல் காட்சி பார்த்துவிட்டு வெளியே வருகிறவர் 'தலைவர் பழைய மாதிரியே இருக்கார்' என்று சொல்லும்போது, ஸ்டார் டிரெக் ரசிகர் செய்யும் அதே ஒப்பீட்டைத்தான் செய்கிறார். ஒப்பிடும் பொருள்தான் வேறு. உலகத்தைத் தொடரவிடாமல் ஆளைத் தொடரவிடுவதால், நம் அறிவியல் கதைகளுக்கு இரண்டாம் பாகம் எடுப்பது கடினமாகிவிடுகிறது. 'இன்று நேற்று நாளை' (2015), '24' (2016), 'மாநாடு' (2021), 'அயலான்' (2024) என்று நல்ல யோசனைகள் வந்தன. ஒவ்வொன்றும் தனித்தனித் தீவாக நிற்கிறது.

இதற்கு விலக்கு இரண்டு. இரண்டிலும் சுஜாதாவின் கை உண்டு. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தபடி, 1980களில் அவர் ஆனந்த விகடனில் 'என் இனிய இயந்திரா' தொடர்கதையை எழுதினார். கதை நடக்கும் ஆண்டு 2021. குழந்தை பெற்றுக்கொள்ள அரசின் அனுமதி வேண்டும். எல்லாருக்கும் இரண்டெழுத்துப் பெயர்தான். ஜீவா என்ற தலைவரின் ஆட்சி. நிலாவின் கணவன் சிபி காணாமல் போகிறான். ரவி என்பவனோடு அவள் வீட்டுக்குள் வருகிறது ஜீனோ, ஒரு இயந்திர நாய்க்குட்டி. பின்னர் இந்தக் கதை தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது.

முதல் அத்தியாயங்களைப் படிக்கிற யாருக்கும் இது நிலாவின் கதை, அரசியல் கதை என்றுதான் படும். ஜீனோ வெறும் விளையாட்டுப் பொருள்போல ஓரமாக நிற்கும். வாரங்கள் போகப்போக வாசகர் மனதில் இடம்பிடித்தது அந்த நாய்தான். சுஜாதா அதைக் கவனித்தார். 'மீண்டும் ஜீனோ' என்ற தொடர்ச்சியில் நாயையே நடுவில் நிறுத்தினார். புத்தகம் படிக்கிற, தன்னைப் பற்றி யோசிக்கிற, மனிதனை நெருங்குகிற இயந்திரத்துக்கு என்ன உரிமை உண்டு என்று அந்தக் கதை கேட்டது. அதே முகங்கள் திரும்பி வந்தன; கேள்வி முன்பைவிட ஆழமாயிற்று. வாராவாரம் 'தொடரும்' போட்டுப் படித்துப் பழகிய வாசகர்களுக்குப் பொறுமை பழகியிருந்ததும் அதற்குக் காரணம்.

இரண்டாவது விலக்கு 'எந்திரன்'. 2010 அக்டோபர் 1 அன்று வெளிவந்தது. அதற்கு இரண்டாண்டுக்கு முன்பே, 2008 பிப்ரவரியில், வசனத்தில் பங்கெடுத்த சுஜாதா மறைந்துவிட்டார். சிட்டி என்ற இயந்திரத்துக்கு ஆசை வந்தால் என்ன ஆகும் என்பது அந்தப் படத்தின் கேள்வி. கடைசியில் அது தன்னைத்தானே கழற்றி வைக்கிறது. அருங்காட்சியகத்தில் அதன் பாகங்களைப் பார்க்க வரும் பிள்ளைகளுக்கு, சிந்திக்கத் தொடங்கியதுதான் தன் குற்றம் என்று அது சொல்லும் இடம் படம் முழுவதையும் ஒரு வாக்கியத்தில் சுருக்கிவிடும்.

2018 நவம்பர் 29 அன்று அதன் தொடர்ச்சியாக '2.0' வந்தது. முதல் காட்சியிலிருந்தே பிரமாண்டம். செல்போன்கள் கடைகளை உடைத்துக்கொண்டு பறக்கின்றன. சிட்டியை மறுபடி பூட்டி எழுப்பியபோது திரையரங்குகள் அதிர்ந்தன. ஆனால் கதை பறவைகள் பக்கமும் கோபுர அலைக்கற்றைகள் பக்கமும் போய்விட்டது. இயந்திரம் சிந்திக்கலாமா என்று முதல் படம் கேட்டு விட்ட கேள்விக்குப் பதிலும் இல்லை, தொடர்ச்சியும் இல்லை. பறவைகளைப் பற்றிய கவலை நியாயமானதுதான். அது வேறு படத்தின் கவலை. முகம் திரும்பியது, கேள்வி திரும்பவில்லை.

ஜீனோவின் தொடர்ச்சியையும் சிட்டியின் தொடர்ச்சியையும் அருகருகே வைத்தால், முதல் பார்வையில் எதைத் தேட வேண்டும் என்பது புரிந்துவிடும். ஒரு வரிசையை நீட்டிக்கிற பலம் அதன் கேள்வியில் இருக்கிறது. புதுத் தொடர் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டதா, எடுத்துக்கொண்டதைத் தன் காலத்துக்கு ஏற்றபடி கூர்மையாக்கியதா என்பதை முதல் ஒரு மணி நேரத்திலேயே கண்டுபிடிக்கலாம்.

குரல் மாறினால்

தமிழ் டப்பிங்கில் பார்க்கிறவர்களின் முதல் பார்வையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அவர்கள் முதலில் எடைபோடுவது தொடரை அல்ல, அதன் குரலை.

2019 ஏப்ரலில் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' வந்தபோது தமிழ்ப் பதிப்புக்கு ஏ.ஆர். முருகதாஸ் வசனம் எழுதினார். அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதியும் பிளாக் விடோவுக்கு ஆண்ட்ரியாவும் குரல் கொடுத்தார்கள். டிரெய்லர் வந்த உடனேயே ரசிகர்கள் கொதித்தார்கள். அதுவரை படத்துக்குப் படம் கேட்டுப் பழகிய குரல் போய், திரையில் நாம் நன்றாக அறிந்த இன்னொரு நடிகரின் குரல் டோனி ஸ்டார்க்கின் வாயில் உட்கார்ந்தால், காது ஒப்புக்கொள்ளாது. கதையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிட்டது. குரல் கொடுத்தவரின் திறமையில் அங்கே குறையில்லை. முகம் ஒருவருடையது, குரல் வேறொரு நட்சத்திரத்துடையது என்றால் மனம் இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறது. நட்சத்திரத்தைத் தொடர்கிற நம் பழக்கமே இங்கே நமக்கு எதிராக வேலை செய்தது.

இதற்கு நேர் எதிரான அனுபவம் 2000களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு உண்டு. ஜெடிக்ஸ் சேனலில் தமிழில் வந்த 'பவர் ரேஞ்சர்ஸ்' பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். ஜப்பானில் 1975இல் தொடங்கிய 'சூப்பர் சென்டாய்' வரிசையில் ஏறக்குறைய ஆண்டுக்கு ஒரு புதுக் குழு வந்தது. 1993இல் ஒரு அமெரிக்கக் கம்பெனி அதன் சண்டைக் காட்சிகளை வாங்கி, முகமூடி இல்லாத காட்சிகளை மட்டும் அமெரிக்க நடிகர்களை வைத்து எடுத்து ஒட்டியது. ஜப்பானில் உடை மாறினால் அமெரிக்காவிலும் மாறியாக வேண்டும். அப்படித்தான் புதுப்புது அணிகள் வந்தன. ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் முதல் நாள் 'இவங்க அவங்க இல்லையே' என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். கொஞ்ச நாளில் புது சிவப்பு ரேஞ்சருக்குத் தெருவில் சண்டை நடக்கும். ஆளுக்கொரு நிறம், ஒரு பெரிய இயந்திரம், கூட்டாக நின்றால்தான் ஜெயிக்க முடியும் என்ற விதி. இந்த மூன்றும் மாறாததால் மற்றதெல்லாம் மாறலாம் என்பதைப் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே கற்றுக்கொண்டார்கள். பெரியவர்களை விடப் பிள்ளைகள் நல்ல விமர்சகர்கள்.

ஆகவே டப்பிங்கில் புதுத் தொடர் பார்க்கிறவர் ஒரு காரியம் செய்யலாம். முடிந்தால் முதல் பத்து நிமிடத்தை மூல ஒலியிலும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். பிடிக்காதது கதையா, குரலா என்பது அப்போதே பிரிந்துவிடும்.

'ஏலியன்: எர்த்' முதல் மணி நேரம்

இனி நடப்பு வழக்குக்கு வருவோம். 1979 படத்தின் தொடக்கம் நினைவிருக்கிறவர்களுக்கு இத்தொடரின் தொடக்கம் உடனே தெரிந்துவிடும். நெடுந்தூக்கத்திலிருந்து கப்பல் ஊழியர்கள் ஒவ்வொருவராக விழிக்கிறார்கள்; வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்; வெட்டிப் பேச்சு, சிகரெட் புகை. கணினித் திரைகள் தடித்த பழைய கண்ணாடி, பச்சை எழுத்து, தட்டினால் சத்தம் போடும் பொத்தான்கள். 2120ஆம் ஆண்டில் நடக்கும் கதை 1979இல் கற்பனை செய்த எதிர்காலத்தையே அப்படியே வைத்திருக்கிறது. இயக்கி எழுதிய நோவா ஹாவ்லி முதல் சில நிமிடங்களில் பழைய ரசிகருக்குச் சொல்வது இதுதான்: உங்கள் வீட்டை நான் இடிக்கவில்லை.

அடுத்து அவர் செய்வது அந்த வீட்டில் புது ஆட்களைக் குடிவைப்பது. பூமியை ஐந்து கம்பெனிகள் பங்குபோட்டு ஆள்கின்றன. அவற்றில் ஒன்று, நோயில் சாகப்போகும் குழந்தைகளின் மனதை எடுத்துச் சாகாத இயந்திர உடலில் வைக்கிறது. மார்சி என்ற சிறுமி அப்படி வெண்டி ஆகிறாள். வளர்ந்த பெண்ணின் உடல், அதற்குள் விளையாட்டுப் பிள்ளையின் மனம். 'பீட்டர் பேன்' கதையில் வரும் பெயர்களே இந்தக் குழந்தைகளுக்கும். அவர்களில் ஸ்லைட்லி என்பவனாக நடித்திருப்பவர் ஜாம்ஷெட்பூரில் பிறந்த ஆதர்ஷ் கௌரவ். ஆள் வளர்ந்தவர், கண்ணில் மட்டும் எட்டு வயதுப் பையனின் மிரட்சி. போட்டிக் கம்பெனியின் கப்பல் வேற்றுக்கிரக உயிரிகளோடு நகரத்தில் வந்து மோதும்போது, அந்தப் பிள்ளைகளைத்தான் உள்ளே அனுப்புகிறார்கள்.

வந்த புகார்களைப் பார்ப்போம். முதல் படம் நடப்பது 2122இல். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே அந்தப் படத்தின் வேற்றுக்கிரக மிருகம் பூமிக்கு வந்துவிட்டால் பழைய கதை என்ன ஆவது? இதே வரிசையில் வந்த 'பிரமீதியஸ்' (2012) சொன்ன தோற்றக் கதையை ஏன் கண்டுகொள்ளவில்லை? மிருகத்தை ஏன் இவ்வளவு வெளிச்சத்தில் காட்ட வேண்டும்? முதல் இரண்டும் கணக்குப்பிள்ளைக் கேள்விகள். ஸ்டார் டிரெக்கிலும் இப்படி முரண்கள் எண்ணிறந்தவை. எதுவும் எந்தத் தொடரையும் கொன்றதில்லை. மூன்றாவது நியாயமான குறை. இருட்டுதான் 1979 படத்தின் பாதி பலம். இந்தத் தொடர் அதை விட்டுக்கொடுத்திருக்கிறது, அதற்கான விலையையும் கொடுக்கிறது.

ஆனால் கேள்வியை எடுத்துப் பாருங்கள். பழைய படத்தில் மிருகத்தைவிடக் கொடியது கம்பெனிதான். கப்பலில் மெக்கானிக்குகள் இருவர் முதல் சாப்பாட்டுப் பந்தியிலேயே போனஸ் பங்கு போதவில்லை என்று மல்லுக்கட்டுவார்கள். பிறகுதான் தெரியவரும், மாதிரியைக் கொண்டுவந்தால் போதும், ஆட்கள் செத்தாலும் பரவாயில்லை என்று கம்பெனி உத்தரவு போட்டிருப்பது. பாலக்கோட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போகிற ஒருவருக்கு அந்தப் போனஸ் பேச்சை யாரும் விளக்க வேண்டியதில்லை. 1979இல் கம்பெனி ஊழியரின் உயிரை விலை பேசியது. 2025இல் வந்த தொடரில் கம்பெனி உடலையே தயாரிக்கிறது. வெண்டியின் உடலுக்கு உரிமையாளர் யார்? சாகாமல் இருப்பதற்கு அவள் எதை எழுதிக் கொடுத்தாள்? எழுதிக் கொடுக்கும் வயதா அவளுக்கு? பழைய கேள்வி இன்னும் கூராகத் திரும்பியிருக்கிறது. முதல் எபிசோடு முடியும்போதே இது தெரிந்துவிடுகிறது. இந்த ஒன்றுக்காகவே அடுத்ததைப் பார்க்கலாம் என்பது என் தீர்ப்பு.

எதை நம்பலாம்

மேலே சொன்ன வழக்குகளைத் தொகுத்தால் ஒரு பட்டியல் கிடைக்கிறது. முதல் எபிசோடில் நம்பத் தகாதவை: புது நடிகர் பொருந்துகிறாரா என்பது, குரல், தொடக்க இசை, பழைய கதையோடு ஆண்டுக் கணக்கு ஒத்துப்போகிறதா என்பது, வேகம். வேகத்தைச் சொல்லும்போது 'ஆண்டோர்' நினைவுக்கு வருகிறது. 2022 செப்டம்பரில் அந்த ஸ்டார் வார்ஸ் தொடரின் முதல் மூன்று எபிசோடுகளை ஒரே நாளில் விட்டார்கள். முதலாவதை மட்டும் பார்த்தவர் 'ஒன்றுமே நடக்கவில்லை' என்று எழுந்துபோயிருப்பார். மூன்றாவது முடியும்போது ஊரே அமளிப்படும். எடுத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, ஒன்று போதாது என்று.

நம்பத் தகுந்தவை: தொடரின் உலகத்தை எடுத்தவர்கள் மதிக்கிறார்களா என்பது, எழுத்தின் அக்கறை, எல்லாவற்றுக்கும் மேலாக, அதற்கென்று ஒரு கேள்வி இருக்கிறதா என்பது. இவை முதல் எபிசோடில் இல்லையென்றால் நாலாவதில் திடீரென்று முளைப்பது அபூர்வம். ஆச்சரியங்களை மட்டும் நம்பிவிடக் கூடாது. இன்னொரு ஸ்டார் வார்ஸ் தொடரான 'தி மாண்டலோரியன்' 2019இல் தன் முதல் எபிசோடின் கடைசி நிமிடத்தில் ஒரு பச்சைக் குழந்தையைக் காட்டி உலகத்தையே கவிழ்த்தது. ரகசியம் கசியக்கூடாது என்று பொம்மைகளைக்கூட முன்கூட்டியே செய்யவில்லை. அந்தக் குழந்தை தொடரைத் தூக்கி நிறுத்தியது உண்மை. ஆனால் ஒரு நிமிட மயக்கத்தை முழுத் தொடரின் தரம் என்று எடுத்துக்கொண்டு நாம் ஏமாந்த தொடர்களும் எத்தனையோ உண்டு.

நேரம் யாருடையது?

இதற்கெல்லாம் ஒரு வலுவான மறுப்பு இருக்கிறது. பார்க்கிறவருக்கு ஏன் இவ்வளவு பொறுமை வேண்டும்? தக்காளி மண்டிக்கு விடியலுக்கு முன்பே லோடு ஏற்றிவிட்டு வருகிறவருக்கோ, இரவு ஷிப்டு முடித்து வருகிறவருக்கோ ஒரு நாளில் கிடைப்பது ஒரு மணி நேரம். 'மூன்றாவது சீசனில் நன்றாகிவிடும்' என்று அவரிடம் சொல்வது அநியாயம். ஒரு தொடரின் முதல் மணி நேரம் அவரைப் பிடித்து வைக்கவில்லையென்றால், போனை மூடிவிட்டுத் தூங்க அவருக்கு முழு உரிமை உண்டு. சந்தா கட்டுகிறவர் விமர்சகர் வேலைக்குச் சேரவில்லை.

இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். விட்டுவிடுவது வேறு, தீர்ப்பு எழுதுவது வேறு. 'எனக்கு ஒட்டவில்லை, விட்டுவிட்டேன்' என்பது நேர்மையான சொல். 'வரிசையையே நாசமாக்கிவிட்டார்கள்' என்பது முழுவதையும் பார்த்தவர் சொல்ல வேண்டிய சொல். முதல் வார எண்ணிக்கையையும் பார்த்து நிறுவனங்கள் அடுத்த சீசனை முடிவுசெய்கின்றன என்பதால், அவசரத் தீர்ப்புக்கு இப்போது உண்மையான விலை இருக்கிறது. 1987இல் தடுமாறிய ஒரு தொடருக்கு மூன்றாம் சீசன் வரை நேரம் கிடைத்தது. இன்று அதே தொடர் வந்தால் அந்த நேரம் கிடைக்குமா என்பது சந்தேகம்தான்.

இந்தப் பழக்கத்தின் தேவை நமக்கும் ஒருநாள் வரும். சுஜாதா கற்பனை செய்த 2021 வந்து, கடந்தும் போய்விட்டது. இன்று ஜீனோவை வைத்து யாராவது ஒரு புதுத் தொடர் எடுத்தால், முதல் எபிசோடு வந்த இரவே நாய்க்குட்டி அழகாக இருக்கிறதா, குரல் பொருந்துகிறதா, கிராபிக்ஸ் தேறுமா என்றுதான் பேச்சு நடக்கும். அதை விட்டுவிட்டு மூன்று விஷயங்களைப் பாருங்கள்: அந்த நாய் யாருக்குச் சொந்தம், அது யாருடைய உத்தரவுக்குக் கட்டுப்படுகிறது, அந்த உத்தரவை மீறினால் அதற்கு என்ன ஆகும். முதல் மணி நேரத்தில் இந்த மூன்றில் ஒன்றையாவது தொட்டிருந்தால் தொடருக்கு இன்னும் மூன்று எபிசோடு கொடுக்கலாம். தொடவில்லையென்றால், நாய்க்குட்டி எவ்வளவு அழகாக வாலாட்டினாலும் அது ஜீனோ இல்லை.